அம்பாஸடருக்குக் குளிர் ஜுரமா?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நிறுத்திய உங்கள் பழைய பெட்ரோல் அம்பாஸடர், நின்ற இடத்திலேயே கிடுகிடுவென்று ஆடுகிறதா? "எஞ்சினையே இறக்கணும், அம்மா" என்று மெக்கானிக் சொன்னதும் பணப்பையைத் திறந்துவிடாதீர்கள்! 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டிதான். ஆனாலும் அதன் நாடியை நீங்களே பிடித்துப் பார்க்கலாம்.

சிலிண்டர் நாலு, பிளக்கும் நாலு. எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரை மட்டும் கழற்றிவிட்டுக் கிளப்புங்கள். (ஓடும்போது வயரைத் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும்.) ஆட்டம் அதிகமானால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக உழைக்கிறது. மாறுதலே இல்லையா? அதுதான் சோம்பேறி! எந்தக் கூட்டுக் குடும்பத்தில்தான் ஒருவர் இல்லை? அதற்குப் புது பிளக் போடுங்கள். எஞ்சினை இறக்கும் கூலியில் அது ஒரு துளி.

நாலும் உழைத்தும் வண்டி நடுங்கினால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் நைந்திருக்கலாம். புது பிளக்குக்கும் சோம்பல் தீராவிட்டால் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் குறைவாயிருந்தால், மெக்கானிக் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம்.