கடுவன் நாய்க்கு நலமடித்தல்: நன்மை எது, தீமை எது?

வண்டில் மாட்டுக்கும் ஏர் எருதுக்கும் நலமடிப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். அவை அடங்கி நடந்து வேலை செய்யவேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று வீட்டுக் கடுவன் நாய்களுக்கும் இச்சிகிச்சை செய்விக்கப்படுகின்றது. ‘செய்தால் நாய்க்கு ஆயுள் கூடும்’ என்பர் ஒரு சாரார். ‘செய்தால் நாய் கெட்டுவிடும்’ என்பர் மற்றொரு சாரார். எந்த நாய்க்கு, எந்த வயதில் என்ற கேள்வியை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர். விடை தங்கியிருப்பதோ அக்கேள்வியிலேயே.

மிருக வைத்தியர் நாயை மயக்கத்தில் ஆழ்த்தி, அதன் இரு விதைகளையும் அகற்றிவிடுகிறார். இதனால் இனம் பெருக்கும் ஆற்றல் ஒழிகிறது. விதைகளில் ஊறும் தெஸ்தொஸ்தரோன் என்னும் ஓமோனும் நின்றுபோகின்றது. இனி நாம் கூறப்போகும் நன்மை தீமைகளுட் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஓமோன் நின்றுபோவதே காரணமாகும்.

முதலில் நன்மைகளை நோக்குவோம். விதைகளை அகற்றிய நாய்க்கு விதைப் புற்றுநோய் வருவதற்கில்லை. ஒரு விதை கீழிறங்காமல் வயிற்றினுள் தங்கிவிட்ட நாய்க்கு அந்நோய் வரும் அபாயம் பன்மடங்கு அதிகமாதலால், அதற்கு இச்சிகிச்சை மிக அவசியம். நலமடிக்காத கடுவன்கள் பலவற்றுக்கு முதுமையில் புரொஸ்டேட் சுரப்பி பருத்து, மலங்கழிப்பதில் வருத்தமும் சிறுநீரில் இரத்தமும் காணப்படுவதுண்டு. நலமடித்தபின் அச்சுரப்பி சில வாரங்களிற் சுருங்கிவிடும். குதத்தைச் சூழ எழும் ஒருவகைக் கட்டிகளும் குறைவாகவே தோன்றும். பெட்டை நாயைத் தேடி அலைவதும் குறைவதால், தெருச் சண்டையிலும் வாகனத்திலும் அகப்படும் ஆபத்துக் குறைகின்றது.

அமெரிக்காவில் 40,000க்கு மேற்பட்ட நாய்களின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து 2013 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவின்படி, நலமடித்த கடுவன்களின் ஆயுள் மற்றவற்றினும் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதலாயிருந்தது. ஆயினும், நாய்க்கு இச்சிகிச்சை செய்விப்போர் பிற பராமரிப்பிலும் கூடுதலான கவனம் செலுத்துவோராய் இருத்தல் கூடும். ஆதலால் முழுப் புகழையும் சிகிச்சைக்கே அளித்தல் பொருந்தாது. மேலும், அந்நாய்கள் தொற்று நோயாலும் விபத்தாலும் இறப்பது குறைவாயிருக்க, புற்றுநோயால் இறப்பது கூடுதலாயிருந்தது.

இனித் தீமையைக் காண்போம். எலும்புகளின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகளை உரிய காலத்தில் மூடச் செய்வதில் விதைகளின் ஓமோனுக்குப் பங்குண்டு. குட்டிப் பருவத்திலேயே அது நின்றுபோனால், எலும்பு வழமையினும் நீண்டு வளர்ந்து, மூட்டுகளின் பொருத்தம் குலைய இடமுண்டாகின்றது. பாரமான உடலைத் தாங்கும் பெரிய இனங்களையே இது பெரிதும் வருத்தும்.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் இதனை இனம் இனமாக ஆராய்ந்தனர். அல்சேஷன் என நம்மவர் அழைக்கும் ஜேர்மன் ஷெப்பேட் பற்றிய முடிவு 2016 இல் வெளியாயிற்று. நலமடிக்காத கடுவன்களில் 7 சதவீதத்துக்கே மூட்டு நோய் கண்டது. ஒரு வயதுக்கு முன் நலமடித்தவற்றில் 21 சதவீதத்துக்குக் கண்டது. 2020 இல் வெளியான 35 இனங்கள் பற்றிய ஆராய்ச்சியிலோ, சிறிய இனங்களில் இந்த வேறுபாடு காணப்படவில்லை.

வேறு இரண்டையும் மனத்திற் கொள்ளவேண்டும். புரொஸ்டேட் சுரப்பியில் அரிதாக வரும் புற்றுநோயை நலமடித்தல் தடுப்பதில்லை. அன்றியும், நலமடித்த நாய்க்கு உணவுத் தேவை குறைய, பசியோ மிகும். முன்போல உணவிட்டால் உடல் பருத்து, மூட்டுகள் மேலும் வருந்தும். ஆதலால் உணவின் அளவைக் குறைத்து, நாள்தோறும் நடக்க விடுதல் வேண்டும்.

அவ்வாறாயின் ஏற்ற வயது எது? வளர்ந்தபின் 20 கிலோவுக்கு உட்பட்டிருக்கும் கடுவனுக்கு ஆறாம் மாதத்திலும், அதனினும் பெரியதற்கு வளர்ச்சி நின்றபின், அதாவது 9 முதல் 15 மாதத்துக்குள்ளும் செய்விக்கலாம் என்பது அமெரிக்க மிருக வைத்தியர்கள் கூறும் பொது வழி. நம் ஊர் நாய்களுட் பெரும்பாலானவை அத்துணைப் பெரியவையல்ல. அல்சேஷன் முதலிய பெரிய இனத்தை வளர்ப்போரே அவசரப்படாது, தம் மிருக வைத்தியரை உசாவி நாளைக் குறித்தல் வேண்டும்.

நலமடித்தல் விசர்நாய் நோய்க்குத் தடையன்று. அதற்குரிய தடுப்பூசியை முறைப்படி ஏற்றியே ஆகவேண்டும். மாட்டுக்குச் செய்வதுபோலக் கைபழகியவரைக் கொண்டு வீட்டில் நலமடிப்பிப்பதோ கொடுமை, உயிருக்கும் ஆபத்து. தன் நோவையும் விருப்பத்தையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாத பிராணிக்காக நாமே முடிவு செய்கின்றோம். அம்முடிவு அயலார் சொல்லைப் பற்றியதாகாமல், அந்நாயின் உருவையும் வயதையும் அறிந்து செய்ததாக இருத்தல் வேண்டும்.