செஸ்நட்டும் பலாக்கொட்டையும்

ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் 1660-ஆம் ஆண்டிலே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டான். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த முதலான மலைநாட்டு ஊர்களிற் பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்து, 1679-இல் தப்பிச் சென்றான். 1681-இல் இலண்டனில் வெளிவந்த அவனது நூலிலே பலாவுக்கும் ஓர் இடமுண்டு. பலாக்கொட்டை நிறத்தாலும் சுவையாலும் தன் நாட்டுச் செஸ்நட்டைப் பெரிதும் ஒத்தது என்றும், ஏறக்குறைய அதனளவுக்கு நல்லது என்றும் எழுதுகின்றான். ஏழைகள் அதனை அடுப்பருகே குவித்து வைத்திருப்பர். அவித்தும் தணலிற் சுட்டும் உண்பர். வழிப்பயணத்துக்குப் பையிலிட்டுச் செல்வர் என்பனவும் அவன் தரும் செய்திகளே.

'ஏறக்குறைய' என்ற அந்த மதிப்பீடு சரிதானா? நொக்ஸின் நா சுவையை அளந்தது. சத்தை அளக்கும் வழி அக்காலத்தில் இல்லை. இன்று நம்மிடம் உண்டு.

செஸ்நட் என்பது முள்ளுறைக்குள் தவிட்டுநிறத் தோலுடன் விளையும் கொட்டை. பாதாம் போன்று கொழுப்பு மிகுந்ததன்று. தானியம் போல மாப்பொருள் மிகுந்தது. தானியம் செழிக்காத இத்தாலிய, பிரெஞ்சு மலைப்புறங்களில் அதன் மாவே பலருக்கு உணவாயிற்று. ஆகவே அதுவும் பலாவும் ஒரே தொழிலைச் செய்த மரங்கள் எனலாம்.

இனி, சமைக்காத கொட்டை 100 கிராமிலுள்ள சத்தை ஒப்பிடுவோம். ஐரோப்பியச் செஸ்நட்டிற் புரதம் ஏறத்தாழ 1.6 கிராம், யப்பானிய வகையில் 2.3, சீன வகையில் 4.2. பலாக்கொட்டையிலோ 6.6 கிராம். அதிலும் பலாக்கொட்டையில் மூன்றில் இரண்டு பங்கு நீர் என்பதை நினைத்தால் இவ்வேறுபாடு இன்னும் பெரிதாகத் தோன்றும். கொழுப்பு எல்லாவற்றிலும் சொற்பமே.

எனினும் தராசு ஒருபக்கமாகவே சாயவில்லை. ஐரோப்பியச் செஸ்நட் ஏறத்தாழ 196 கலோரி தரும். பலாக்கொட்டை தருவது 130 அளவே. விற்றமின் சீ செஸ்நட்டில் 40 மில்லிகிராம் வரை உண்டு. பலாக்கொட்டையில் அது குறைவு. மேலும், பச்சைப் பலாக்கொட்டையிற் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளொன்று இருக்கின்றது. வெப்பம் அதனை அழித்துவிடும். அவித்தும் சுட்டும் உண்ட கண்டிக் குடியானவன், காரணத்தை அறியாமலே முறையை அறிந்திருந்தான்.

உடலுக்கு வலுத்தரும் புரதத்தைக் கொண்டு பார்த்தால், 'ஏறக்குறைய' என்ற சொல் பலாவுக்குச் செய்த குறையே. இம்மரத்தின் அருமையை உணர்ந்தோர் இந்நாட்டில் இருந்தனர். ஊரூராகப் பலா நட ஊக்கிய பாணந்துறை ஆர்தர் வி. டயஸை மக்கள் 'கொஸ் மாமா' என்றே அழைத்தனர். 1951-இன் 9-ஆம் இலக்கச் சட்டம் அனுமதியின்றிப் பலாமரம் வெட்டுவதைத் தடுத்தது. 2022-இன் நெருக்கடியில் அரிசி விலை ஏறியபோது, பலரின் பசியை ஆற்றியதும் வீட்டுக்கொல்லைப் பலாவே.

மரத்தைக் காத்த நாம் கொட்டையைக் காத்தோமா? முக்கனிகளுள் ஒன்றெனப் பலாவைப் போற்றி, சுளையைச் சுவைத்து, கொட்டையைக் குப்பையில் எறியும் வீடுகள் பல. கையிலிருப்பதை 'ஏழையின் உணவு' என ஒதுக்குமுன், அதனை ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நன்று.