செல்லை முதிரச் செய்யும் வைட்டமின்

வைட்டமின் ஏ கண்ணுக்கு நல்லது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதைவிடப் பெரிய வேலை ஒன்றை அது செல்லின் உட்கருவுக்குள் செய்கிறது. எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை அது நெறிப்படுத்துகிறது.

உடலுக்குள் வைட்டமின் ஏ, ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. இதற்கான ஏற்பிப் புரதத்தை 1987இல் ஃபிரான்சில் பியேர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. இந்த ஏற்பி இன்னொரு புரதத்துடன் ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்திருக்கும். அமிலம் வராதவரை, அடக்கும் புரதங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு அங்குள்ள மரபணுவை முடக்கி வைக்கும். அமிலம் வந்து ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் மாறும். அடக்கும் புரதங்கள் விலகி, தூண்டும் புரதங்கள் வந்து சேரும். இறுகியிருந்த டிஎன்ஏ தளர்ந்து மரபணு வேலையைத் தொடங்கும். இளம் செல் முதிர்ந்து தன் பணியை ஏற்பது இப்படித்தான்.

அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோயில் இந்த ஏற்பாடு குலைகிறது. 15, 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், ஏற்பி வேறொரு புரதத்துடன் இணைந்துவிடுகிறது. இந்தக் கலப்புப் புரதம், வழக்கமான அளவு அமிலத்துக்கு அசைவதில்லை. வெள்ளணுக்கள் முதிராமலேயே பெருகுகின்றன. ரத்தம் உறையும் திறன் கெட்டு, கட்டுக்கடங்காத ரத்தக்கசிவே பலரின் உயிரைப் பறித்துவந்தது.

ஷாங்காயில் மருத்துவர் வாங் சென்யி, 1985இல் ஒரு சிறுமிக்கு அதே அமிலத்தை மருந்தளவில் கொடுத்தார். அவள் தேறினாள். அவரது குழு சிகிச்சை தந்த 24 பேரின் விவரம் 1988இல் வெளியானது: அனைவருக்கும் நோய் அடங்கியிருந்தது. புற்றுச் செல்களைக் கொல்லாமல் முதிரச் செய்தே அடக்க முடியும் என்பதை உலகம் கண்டது. சிலருக்கு நோய் திரும்பியது உண்மைதான். பின்னர் ஆர்செனிக் டிரையாக்சைடும் சேர, இன்று இது பெரும்பாலும் குணமாகும் புற்றுநோய்.

இதைப் படித்துவிட்டு வைட்டமின் ஏ மாத்திரையைத் தேடிப் போக வேண்டாம். மற்றப் புற்றுநோய்கள் பலவற்றில் இந்தச் சிகிச்சை இதே பலனைத் தரவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு, வைட்டமின் ஏயாக மாறக்கூடிய பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. கர்ப்பிணிகள் அளவுக்கு மீறி வைட்டமின் ஏ எடுத்தால் கருவில் குறைபாடு வரலாம். கீரையும் கேரட்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டுமே தொடுங்கள்.