ஒரு பக்கத்துக்கு ஒரு முகவரி போதும்

தேடுபொறியைப் பொறுத்தவரை முகவரிதான் பக்கம். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அதை வேறு பக்கமாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்ற தொடக்கம், முன்னால் வரும் டபிள்யூடபிள்யூடபிள்யூ, கடைசியில் வரும் சாய்கோடு ஆகிய மூன்றே போதும், ஒரே கட்டுரைக்கு எட்டு முகவரிகள் உண்டாக. கேள்விக்குறிக்குப் பிறகு ஃபேஸ்புக்கும் விளம்பரக் கணக்கீடுகளும் ஒட்டிவிடும் வால்களைச் சேர்த்தால் கணக்கே கிடையாது.

சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருந்தாலும் தெருவில் பழகிய தபால்காரர் சமாளித்துவிடுவார். தேடுபொறிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்த பிறகுதான் எல்லாம் ஒரே வீடு என்று அதற்குப் புரியும். பிறகு அவற்றை ஒரு குழுவாகச் சேர்த்து, அதில் ஒன்றை மட்டும் முதன்மை முகவரியாகத் தேர்ந்தெடுத்து முடிவுகளில் காட்டும்.

இரட்டை முகவரி இருந்தால் கூகுள் தண்டிக்கும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை அப்படி ஒரு தண்டனை இல்லை என்று கூகுளே 2008இல் விளக்கியிருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: நாம் தீர்மானிக்காத முகவரியை அது தேர்ந்தெடுத்துவிடலாம். வடிகட்டிகளும் வரிசை மாற்றங்களும் நிறைந்த பெரிய கடைத்தளம் என்றால், தேடுபொறியின் நேரம் நகல்களைப் படிப்பதிலேயே போய், புதுப் பக்கங்கள் காத்துக் கிடக்கும். சில நூறு பக்கங்கள் உள்ள தளத்துக்கு அந்தக் கவலை வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்கள் பலர் இதைக் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் நேரில் பார்த்தவர்கள். 2012இல் கூகுள் பிளாகர் தளங்களை நாட்டுக்கு நாடு வேறு முகவரிக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. பிளாக்ஸ்பாட்.காம் என்று முடியும் முகவரியை இந்தியாவில் திறந்தால் அது பிளாக்ஸ்பாட்.இன் ஆனது. வாசகர்கள் முகவரிப் பட்டையில் தெரிந்ததைப் படியெடுத்துப் பகிர்ந்தார்கள். தேடுபொறி குழம்பாதபடி, காம் முகவரியே முதன்மையானது என்ற குறிப்பைக் கூகுள் ஒவ்வொரு பக்கத்திலும் வைத்திருந்தது. தேடல் பிழைத்தது. ஆனால் 2020இல் பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயரே கூகுளின் கையைவிட்டுப் போனது. அந்த முகவரியோடு பிற தளங்களில் கொடுத்திருந்த இணைப்புகள் அறுந்துவிட்டன. தேடுபொறிக்குக் குறிப்பு வைப்பது மட்டும் போதாது, மனிதர் கையில் போகும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். கைபேசியில் பிளாகர் பக்கத்தைத் திறந்தால் முகவரியின் வாலில் ‘எம்=1’ என்று வருவதும் இதே கதைதான். பகிரும்போது அதை வெட்டிவிட்டுப் பகிர்வது நல்லது.

என்ன செய்யலாம்? முதலில் எந்த வடிவம் என்று முடிவெடுங்கள். எச்டிடிபிஎஸ் கட்டாயம், டபிள்யூடபிள்யூடபிள்யூ வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். மற்ற வடிவங்களையெல்லாம் 301 என்ற நிரந்தரத் திருப்பலால் அதற்கு அனுப்புங்கள். 302 தற்காலிகத் திருப்பல். இந்த வேலைக்கு அது சரிவராது. திருப்ப முடியாத வால் முகவரிகளுக்குக் கனானிகல் குறிச்சொல் இருக்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே வரியில், இதன் முதன்மை முகவரி இதுதான் என்று சொல்வது. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009 பிப்ரவரியில் அறிவித்த ஏற்பாடு இது. கூகுள் இதைக் கட்டளையாக ஏற்பதில்லை, வலுவான பரிந்துரையாக எடுத்துக்கொள்கிறது. தளத்துக்குள் நீங்கள் கொடுக்கும் இணைப்புகளும் தளவரைபடமும் வேறு முகவரியைக் காட்டினால் அந்தப் பரிந்துரை வலுவிழக்கும்.

எதைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் நகல்களைத் தடுத்துவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. தடுத்த பக்கத்தைத் தேடுபொறி படிக்காது. படிக்காததால் அதிலுள்ள கனானிகல் குறிப்பும் அதற்குத் தெரியாது. எல்லாப் பக்கங்களின் கனானிகலையும் முகப்புக்கே காட்டும் வார்ப்புருக்களும் உண்டு. அவை கட்டுரைகளையே தேடலிலிருந்து மறைத்துவிடக்கூடும்.

தமிழ் முகவரிகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் பதியலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் வேறுபாடே தெரியாது. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சதவீதக் குறியோடு ஒன்பது குறிகளாக விரியும். விரித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையை அப்படியே தலைப்பாக ஒட்டும்போது இது நுழையும். சேமிக்கும் முன் உரையை என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் ஸ்ரீரங்கம் போன்ற பெயர்களில் வரும் சிக்கல் இப்படித் தீராது. 2005இல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு, ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தாலும் எழுதலாம், ஶகரத்தாலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. ஒரே ஊருக்கு இரண்டு குறிச்சொல் பக்கங்கள், கட்டுரைகள் இரண்டிலும் பாதிப் பாதியாகச் சிதறிக் கிடக்கும். எது என்று ஆசிரியர் குழு முடிவுசெய்து, மற்றதைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

சரியாக நடக்கிறதா என்று பார்க்க, கூகுளின் சர்ச் கன்சோலில் ஒரு முகவரியைக் கொடுத்து ஆய்வு செய்யுங்கள். நீங்கள் அறிவித்த கனானிகலையும் கூகுள் தேர்ந்தெடுத்த கனானிகலையும் தனித்தனியே காட்டும். இரண்டும் மாறுபட்டால் திருப்பல், உள்ளிணைப்பு, தளவரைபடம் மூன்றையும் சரிபாருங்கள். திருத்திய மறுநாளே மாறாது, மறுபடி படித்துச் செல்லும்வரை பொறுக்க வேண்டும். போட்ட 301 திருப்பல்களைக் குறைந்தது ஓர் ஆண்டுக்காவது எடுக்காதீர்கள்.