பெயரில்லாத நால்வர்

திருவல்லிக்கேணிக் கடற்கரைக்குப் போகாத தோழர் யார்? காற்று வாங்கப் போயிருப்போம். கூட்டம் கேட்கப் போயிருப்போம். வாலாஜா சாலை கடற்கரையைத் தொடும் இடத்திலே, பெரும் பாறையோடு மல்லுக்கட்டி நிற்கும் நால்வரையும் கண்டிருப்போம். உழைப்பாளர் சிலை! மன்னருக்குச் சிலை உண்டு, தலைவருக்குச் சிலை உண்டு, புலவருக்கும் உண்டு. இந்த நால்வருக்கு ஊர் என்ன? பேர் என்ன? எதுவும் இல்லை. இடுப்பிலே ஒரு துணி, முதுகிலே முறுக்கேறிய தசை. அவ்வளவுதான் அவர்களுடைய முகவரி!

இவர்களை வடித்தவர் கூலிக் குடிசையில் பிறந்தவரல்லர். தேவி பிரசாத் ராய் சௌத்ரி, இன்று வங்காள தேசத்தில் இருக்கும் ரங்பூர்ப் பகுதியில், 1899ஆம் ஆண்டு ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929இல் சென்னைக்கு வந்து கலைத்தொழிற் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1850இல் வெள்ளையர் தொடங்கிய அந்தப் பள்ளியில், தலைவர் நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை அங்கே பணிபுரிந்தார். பணிக்கரும் தனபாலும் அவரிடம் பயின்ற மாணவர்கள்.

மாளிகைக் கூடத்தை அழகு செய்யும் படங்களோடு அவர் நின்றிருக்கலாம். நின்றாரா? இல்லை. 1942 ஆகஸ்டில் கொடியேற்றச் சென்று குண்டடிபட்டு மாண்ட ஏழு மாணவர்களைப் பாட்னாவிலே வெண்கலத்தில் எழுப்பினார். பசியால் வாடிய மக்களையும் சிலையாக்கினார்.

மெக்சிகோவிலும் இப்படித்தான் நடந்தது. 1920களில் ரிவேரா, ஓரோஸ்கோ, சிக்கேரோஸ் ஆகிய ஓவியர்கள் உழவனையும் தொழிலாளியையும் பொதுக் கட்டடங்களின் சுவர்களிலே தீட்டினார்கள். ஓரோஸ்கோ கல்லச்சிலும் படம் பதித்தார். ஒரு படம் பல பிரதிகளாகிப் பலர் கைக்குப் போனது. சுவரானாலும் அச்சானாலும் நோக்கம் ஒன்றே: காசில்லாதவன் கண்ணுக்கும் கலை எட்டவேண்டும். சௌத்ரி அதற்குத் தேர்ந்த வழி வெண்கலமும் வெட்டவெளியும். நுழைவுச் சீட்டில்லை, வாயிற்காவலனில்லை. மூட்டை இறக்கிவிட்டு வருபவனும் நின்று பார்க்கலாம். பார்த்து, 'இது நான்தான்' என்று சொல்லலாம்!

சிலை திறக்கப்பட்டது 1959 ஜனவரி 25. அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே, 1923 மே முதல் நாள், சிங்காரவேலரின் முயற்சியால் சென்னையில் இரண்டு இடங்களில் மே தினக் கூட்டம் நடந்தது. அவற்றுள் ஒன்று இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில்! எட்டு மணி நேர வேலைக்காக உலகெங்கும் உயிர் கொடுத்தவர்களின் நாள் அது.

சரியாக நூறாண்டு கழிந்தது. 2023 ஏப்ரலில் நடந்தது என்ன? நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் வெகுண்டெழுந்தன. அந்த மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது.

சிலையின் ஆங்கிலப் பெயருக்கு 'உழைப்பின் வெற்றி' என்று பொருள். ஆனால் சௌத்ரி வடித்தது வெற்றி ஊர்வலத்தையா? மாலையைச் சூட்டினாரா? இல்லை! பாறை இன்னும் அங்கேயே இருக்கிறது. நால்வரும் இன்னும் தள்ளுகிறார்கள். ஒருவன் கையெடுத்தாலும் பாரம் மற்ற மூவர் மீது சரியும். 1975இல் மறைந்த அந்தக் கலைஞர் உழைப்பவனுக்கு விட்டுச்சென்ற பாடம் அது. அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்த நால்வரைக் காட்டுவோம், தோழர்களே!