மீட்டரில் முன்பே ஓடிய கிலோமீட்டர்கள்

புதுக் கார் எடுக்கப் போகிறவர் சாவி கைக்கு வந்ததும் மீட்டரைத்தான் முதலில் பார்க்கிறார். அதில் 14 என்றோ 22 என்றோ இருந்தால் முகம் மாறிவிடுகிறது. "யார் ஓட்டினது இதை? புதுக் காருக்குத்தானே காசு கட்டினேன்?" சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் அக்கம்பக்கத்தில் இந்தக் கோபத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. கார் வைத்திருக்க இங்கே ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ மட்டுமே, பெரிய கார்களுக்கு, 2023 அக்டோபரில் 150,001 வெள்ளிக்குப் போனது. காரின் விலை தனி. அந்தச் சான்றிதழின் ஆயுளோ பத்தே ஆண்டு. இவ்வளவு கொட்டிக் கொடுத்தவர் கறைபடாத பொருளை எதிர்பார்க்கத்தான் செய்வார்.

ஆனாலும் அடித்துச் சொல்வேன்: மீட்டரில் பூஜ்யம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்தச் சில கிலோமீட்டர்கள், காரை யாரோ ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் தந்திருக்கிறார் என்பதற்கான அடையாளம்.

அந்த ஓட்டம் தொழிற்சாலையில், காரின் கடைசித் திருகை முடுக்கிய பிறகு தொடங்குகிறது. சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பார்கள். முகப்பு விளக்கின் வெளிச்சம் எந்த உயரத்தில் விழுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு காரை உருளைகளின் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே வேகமெடுத்து பிரேக் பிடிப்பார்கள். அடுத்தது மழைக்கூண்டு. நாலு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, கதவு ரப்பரின் மடிப்பிலும் தரைவிரிப்பின் அடியிலும் கைவிட்டு ஈரம் தட்டுகிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். இவற்றில் பெரும்பகுதியைக் கருவிகளே செய்துவிடும். கருவிக்கு எளிதில் சிக்காதது சத்தம்.

அதற்காகத்தான் சோதனைத் தடம். கல் பாவிய பாதை, வரிவரியான மேடுகள், சாய்ந்த வளைவு எல்லாம் அதில் இருக்கும். ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றி, ரேடியோவை அணைத்து, ஏசியையும் நிறுத்திவிட்டு ஓட்டுவார். டேஷ்போர்டுக்குள் ஒரு கிளிப் சரியாக உட்காராவிட்டால் மேட்டில் ஏறும்போது "டிக்" என்று கேட்கும். கதவுக்குள் வயர்க் கட்டு தளர்ந்திருந்தால் கல் பாதையில் கடகடக்கும். நேர்ப்பாதையில் ஸ்டீயரிங்கை லேசாகத் தளர்த்திப் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்ப்பார். மின்சாரக் கார்கள் வந்த பிறகு இந்த வேலை இன்னும் கடினமாகிவிட்டது. எஞ்சின் இரைச்சல் அத்தனை காலமும் மூடி வைத்திருந்த சின்னச் சின்ன முனகல்கள் எல்லாம் இப்போது வெளியே கேட்கின்றன. ரோபோ எத்தனை திருகு முடுக்கினாலும், "இந்தச் சத்தம் வாங்குகிறவரை உறுத்தும்" என்று முடிவு செய்ய ஒரு மனிதக் காது வேண்டியிருக்கிறது.

இதைச் சிங்கப்பூரிலேயே செய்யும் வசதியோடு ஓர் ஆலை எழுந்தது. ஜூரோங்கின் புலிம் வட்டாரத்தில் 2023 நவம்பர் 21 அன்று ஹியுண்டாய் தன் புத்தாக்க நிலையத்தைத் திறந்தது. ஏழு மாடி, சுமார் 200 ரோபோக்கள், ஆண்டுக்கு 30,000 மின்சாரக் கார்கள் வரை செய்யும் திறன். நீண்ட கன்வேயர் வரிசை அங்கே இல்லை; தனித்தனிப் பிரிவுகளில் கார் உருவாகும்படி அமைத்தார்கள். தொழிலாளி பூட்டிய பாகம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நாலுகால் ரோபோ ஒன்று படமெடுத்துப் பார்க்கும் ஏற்பாடும் செய்தார்கள். எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது அந்தக் கூரைதான். 618 மீட்டர் சோதனைத் தடத்தை மொட்டைமாடியில் கட்டினார்கள். வாடிக்கையாளரும் அதில் ஏறிச் சுற்றிவரலாம் என்பது திட்டம். இதே நிறுவனத்துக்குச் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், 1998இல் சான்ட்ரோ வெளிவந்த ஆலையில், தரையிலேயே தடம் போட நிலம் கிடைத்தது. இங்கே நிலம் ஏது? உயரத்தில்தான் தேட வேண்டும். இத்தாலியின் டூரின் நகரில் ஃபியட் நிறுவனம் 1923இல் திறந்த லிங்கோட்டோ ஆலையிலும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் தொடங்கிய கார் மாடி மாடியாக ஏறி, முழுக் காராகக் கூரைத் தடத்தில் போய் ஓடியது.

சிங்கப்பூருக்குக் கார் பூட்டும் தொழில் புதிதல்ல. உட்லண்ட்ஸ் ரோட்டில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் அது அப்பர் புக்கிட் தீமா ரோடாகிறது. அங்கே பழைய ஃபோர்டு ஆலை நிற்கிறது. 1941 அக்டோபரில் திறக்கப்பட்ட அது, தென்கிழக்காசியாவின் முதல் கார் பூட்டும் ஆலை. அடுத்த நாலே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டது அதன் அறை ஒன்றில்தான். பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போவதும் அதற்காகத்தான். ஆனால் 1947இல் வேலை மறுபடி தொடங்கியது; 1980 ஜூனில் ஆலை மூடப்படும்வரை, பெட்டிகளில் பாகங்களாக வந்த கார்களை அங்கே முழுக் கார்களாக்கி வெளியே அனுப்பினார்கள். அந்த 33 ஆண்டு உழைப்பைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

மீட்டர் கோபத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சோதனை ஓட்டத்தின் பெயரால் வாங்குகிறவரை ஏமாற்றிய கதை ஒன்று அமெரிக்காவில் 1987இல் வெளியே வந்தது. கிரைஸ்லர் நிறுவன அதிகாரிகள் 60,000க்கும் மேற்பட்ட புதுக் கார்களை மீட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டியிருந்தார்கள். தரச் சோதனைக்காக ஓட்டினோம் என்றது நிறுவனம். அப்படி ஓட்டியதில் விபத்தில் அடிபட்ட சில கார்களைச் சரிசெய்து புதுக் கார் என்றே விற்றிருந்தார்கள். தலைவர் லீ அயகோக்கா நாடறிய மன்னிப்புக் கேட்டார். அடிபட்ட கார்களுக்கு மாற்றுக் கார் தருவதாகவும் அறிவித்தார். காரை ஓட்டிப் பார்த்ததில் தப்பில்லை. ஓட்டியதை மறைத்தார்களே, அதுதான் தப்பு. மீட்டரில் 20 இருந்தால் அது சோதனை. நூற்றுக்கணக்கில் இருந்தால் காரணம் கேட்க வாங்குகிறவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை கப்பலில்தான் வருகின்றன. ஆலையில் ஓட்டிப் பார்த்த கார் வாரக்கணக்கில் கடலிலும் துறைமுகத்திலும் நின்றுவிட்டு வருகிறது. அதனால் விற்பனையாளரின் பட்டறையில் இன்னொரு சோதனை, பட்டறை மொழியில் பிடிஐ, நடந்தாக வேண்டும். விடியுமுன் ஜோகூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் கடற்பாலம் தாண்டி, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை பிடிப்பவர்களில் இந்த வேலைக்கு வரும் மெக்கானிக்குகளும் உண்டு. நின்ற இடத்திலேயே டயர் சப்பையாகிவிடக் கூடாதென்று பயணத்துக்காகக் கூடுதலாக அடைத்த காற்றை அவர்கள் இறக்கிச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கப்பல் பயணத்துக்கான நிலையில் வைத்திருந்த மின்சார அமைப்பை இயல்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 12 வோல்ட் பேட்டரி, பிரேக் எண்ணெய், பெயின்ட் கீறல், பாதுகாப்புப் படலம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்ட வேண்டும். டயர் காற்றை இறக்க மறந்தாலே போதும், வண்டி குதிக்கும். வாங்கியவர் கம்பெனியைத் திட்டுவார்.

இந்தச் சோதனைக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது ஏன்? சாதாரணப் புதுக் காருக்கு மூன்று வயது ஆகும்வரை இங்கே கட்டாயப் பரிசோதனை கிடையாது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். ஆக முதல் மூன்று ஆண்டும் நம் குடும்பம் அந்த ஆலை ஓட்டுநரையும் இந்தப் பட்டறை மெக்கானிக்கையும் நம்பித்தான் சாலையில் போகிறது. ஆனால் கார் ஒப்படைக்கும் நேரத்தில் ரிப்பனும் பூங்கொத்தும் புகைப்படமும் இருக்கின்றன. காரை ஓட்டிப் பார்த்தவர் அந்தப் பக்கமே வருவதில்லை. விற்பனையாளர்கள் இதை மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்த்தவரையே ஒரு கால் மணி நேரம் வாங்குகிறவரோடு அனுப்பி வைப்பதில் என்ன செலவாகிவிடும்?

அதுவரை நாமே கேட்டு வாங்குவோம். மார்சிலிங் சிவா கிருஷ்ணா ஆலயத்தில் பூசை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுமுன், பிடிஐ தாளைக் கேளுங்கள். யார் கையெழுத்து, என்ன தேதி, எத்தனை கிலோமீட்டரில் போட்டது என்று பாருங்கள். டயர் காற்றை உங்கள் கண்முன்னால் அளக்கச் சொல்லுங்கள். ரேடியோவை அணைத்து, கார்நிறுத்துமிடத்தின் வேகத்தடைகளில் மெல்ல ஏறி இறங்குங்கள். ஏதாவது சத்தம் கேட்டால் அன்றைக்கே சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால், அது உங்கள் கையில் வந்த சத்தம் என்றுதான் சொல்வார்கள்.