கல்லாவுக்குப் பின்னால் நடக்கும் வேலை

மளிகைக் கடைக்கு பில்லிங் மெஷின் விற்க வருகிறவர் முதலில் காட்டுவது ஸ்கேனரைத்தான். சோப்புக் கட்டியை அதன் முன்னால் நீட்டினால் ‘பீப்’ என்கிறது. திரையில் பெயர், விலை, வரி எல்லாம் வந்து நிற்கின்றன. அரை நிமிடத்தில் பத்துச் சாமானுக்கு பில் கிழித்துக் கொடுத்துவிடலாம். பார்க்கிற கடைக்காரருக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால், அந்தப் பெயரும் விலையும் மெஷினுக்குள் எப்படிப் போயின என்று அவர் கேட்பதில்லை. விற்க வந்தவரும் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தியிருக்கிறது. பக்கத்தில் கால்குலேட்டரும் துண்டுச் சீட்டுமாக வியாபாரம் நடக்கிறது. போகிற ஊர்களில் எல்லாம் இப்படி ஒரு கடையாவது என் கண்ணில் படுகிறது. அங்கே பழுது ஸ்கேனரில் இல்லை. வந்து இறங்குகிற சரக்கை உட்கார்ந்து பதிவு செய்ய ஆள் இல்லை.

ஓரளவு பெரிய மளிகைக் கடைக்கு ஒரு நாளில் எத்தனை வழியாகச் சரக்கு வருகிறது என்று நின்று பார்த்தால் இது விளங்கும். விடிவதற்குள் பால். அதன் பின்னாலேயே பிரெட், பன். பத்து மணிக்கு மேல் ஏஜென்சி வண்டிகள்: சோப்பு ஒருவர், பிஸ்கட் ஒருவர், மசாலா ஒருவர். மதியம் மொத்தக் கடையிலிருந்து பருப்பு, எண்ணெய் டின், அரிசி மூட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பில். ஏஜென்சி பில் என்றால் இருபது முப்பது வரி இருக்கும். ‘பன்னிரண்டு எடுத்தால் ஒன்று ஃப்ரீ’ என்று ஸ்கீம் வேறு. அந்த ஒன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஒரு பாக்கெட்டின் அடக்கவிலை தெரியும். இத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்ற வேண்டிய நேரத்தில்தான் கல்லா முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள்.

ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும்? விற்றது மட்டும் மெஷினுக்குத் தெரியும்; வாங்கியது தெரியாது. இருபது பாக்கெட் டீத்தூள் அலமாரியில் கண்ணெதிரே இருக்கும், திரையில் மைனஸ் ஏழு என்று காட்டும். மைனஸ் ஸ்டாக் வர ஆரம்பித்துவிட்டால் அந்தக் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள். நம்பாத கணக்கை யாரும் சரிசெய்யவும் மாட்டார்கள். ஆயிரம் வகைச் சாமானில் நூறு வகை தப்பாகிவிட்டால் மிச்சம் தொள்ளாயிரமும் உதவாது.

பார்கோடு இருக்கிறதே, அதில் எல்லாம் இருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. பாக்கெட்டில் இருக்கும் அந்தப் பதின்மூன்று இலக்கத்தில் விலை கிடையாது. முதலில் வரும் 890, அந்த எண்ணை வாங்கிய நிறுவனம் பார்கோடு எண் வழங்கும் இந்தியாவின் ஜிஎஸ்1 அமைப்பில் பதிவு செய்தது என்பதை மட்டும் சொல்கிறது. பொருள் இந்தியாவில் செய்ததா என்பதைக்கூடச் சொல்வதில்லை. அடுத்து வரும் எண்கள் நிறுவனம், பொருள். கடைசி இலக்கம் முந்தைய பன்னிரண்டும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சோதிப்பதற்கு. விலையையும் வரியையும் கடைக்காரர்தான் உள்ளே வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் நம் நாட்டில் ஒரு சிக்கல் வருகிறது. பாக்கெட் மேலேயே எம்.ஆர்.பி. அச்சடிப்பது நம் சட்டம். போன மாதம் வந்த ஷாம்புவில் ஒரு எம்.ஆர்.பி., இந்த மாதம் வந்ததில் இன்னொன்று. பார்கோடு இரண்டுக்கும் ஒன்றே. ஸ்கேன் செய்தால் மென்பொருள் நின்று, ‘இரண்டு விலை இருக்கிறது, எது?’ என்று கேட்க வேண்டும். வெளிநாட்டுக் கடைகளுக்காக எழுதப்பட்ட மென்பொருள் இதைக் கேட்கத் தெரியாமல் திணறியது. சென்னையில் குமார் வேம்பு தொடங்கிய கோஃப்ருகல் போன்ற நிறுவனங்கள் நம் கடைகளுக்கென்றே எழுதிய பிறகு இது வழிக்கு வந்தது. அப்போதும், புது எம்.ஆர்.பி. வந்திருக்கிறது என்பதை யாராவது சரக்கு இறங்கும்போதே பதிந்திருந்தால்தான் அந்தக் கேள்வியே திரையில் வரும்.

பில் போடும் இயந்திரத்தின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்பது நல்லது. 1879-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி கல்லா இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வேலையாட்கள் பணத்தை ஒதுக்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை. முதலாளி இல்லாத நேரத்திலும் கல்லா கணக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகப் பிறந்த கருவி அது. நம் அண்ணாச்சி கடையில் முதலாளி கல்லாவை விட்டு நகர்வதே கிடையாது. கடையில் நிற்கும் பையன்களும் பெரும்பாலும் ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள். ரிட்டிக்கு இருந்த கவலை இங்கே அவ்வளவாக இல்லை. அதனால்தான் அந்த இயந்திரமும் நம் தெருக்களுக்கு வரத் தாமதமானது என்று நினைக்கிறேன். நம்முடைய கடைகள் பின்தங்கியவை என்பதால் அல்ல.

பார்கோடு கதையிலும் ஒரு பாடம் உண்டு. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலம் ட்ராய் ஊரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரிக்லி சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. விலை 67 சென்ட். வரிசை சீக்கிரம் நகரும், ஆள் கூலி குறையும் என்பதுதான் அன்று எதிர்பார்த்த லாபம். பிற்பாடு பெரிய நிறுவனங்களைக் கொழுக்க வைத்த லாபம் வேறு: எந்தச் சரக்கு எந்தக் கிளையில் எந்த வாரம் எவ்வளவு போகிறது என்ற கணக்கு. அதை வைத்துக்கொண்டுதான் அவர்கள் கம்பெனிகளிடம் விலை பேசினார்கள். ஸ்கேனர் கொடுத்த வேகத்தைவிடச் சரக்குக் கணக்கு கொடுத்த பலம் பெரிது. இன்று பத்து நிமிடத்தில் வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்து தரும் நிறுவனங்களின் கையிலும் இருப்பது இதே பலம்தான். அவர்களுடைய கிடங்கில் மைனஸ் ஸ்டாக்குக்கு இடமில்லை.

நம் கடைக்காரருக்கும் இந்தக் கணக்கு மனசில் இருக்கிறது. எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு எந்தப் பருப்பு என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் எக்ஸ்பைரி ஆன பாக்கெட் மூலையில் கிடப்பதை மனப்பாடம் காட்டிக்கொடுக்காது. போன வருஷம் கார்த்திகைக்கு எத்தனை கிலோ வெல்லம் போனது என்பதையும், நன்றாக ஓடுகிற ஒரு சாமானில் மார்ஜின் அரை ரூபாய் குறைந்துபோனதையும் நினைவில் வைத்திருக்க முடியாது. மகனோ மருமகளோ கல்லாவில் உட்கார வேண்டி வந்தால் அவருடைய நினைவு அவர்களுக்கு உதவாது. சரியாக நடக்கும் கணக்கு இதற்கெல்லாம் வேண்டும். ஆகவே மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே ஏற்றும் வேலைக்கு ஒரு நேரமும் ஒரு ஆளும் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள் என்கிறேன். வாங்கும் முன் நேற்றைய ஏஜென்சி பில் ஒன்றை எடுத்து நீட்டி, “இதை என் கண் முன்னால் ஏற்றிக் காட்டுங்க தம்பி” என்று கேளுங்கள். ஸ்கேனர் சத்தத்தைவிட அந்தப் பத்து நிமிடம் அதிகம் சொல்லும். நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் என் கணக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாமா என்றும் கேட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு உங்களுடையது.

சில்லறையில் எடை போட்டு விற்கும் பருப்பு, மிளகாய், புளிக்கும் வழி இருக்கிறது. லேபிள் அடிக்கும் எடை மெஷின், கடைக்குள்ளேயே செல்லுபடியாகும் ஒரு பார்கோடை அச்சிடும். அது 2 என்ற எண்ணில் தொடங்கும். நடுவில் சாமானின் எண்ணும் எடையும் இருக்கும். கல்லாவில் ஸ்கேன் செய்தால் ஒன்றேகால் கிலோ என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் பத்து ரூபாய்க்கு சீரகம், ஐந்து ரூபாய்க்கு கடுகு என்று கேட்டு வருகிறவர்களுக்கு இன்றும் காகிதப் பொட்டலம்தான். அந்த வியாபாரத்தை மெஷினுக்காக விட்டுவிடக் கூடாது. அந்தப் பொட்டலம் கிடைக்காத சூப்பர் மார்க்கெட்டுக்குப் போக முடியாதவர்கள்தான் நம் கடையின் நெடுநாள் வாடிக்கை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பில் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழில் அடிக்க வேண்டுமானால் எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். கொஞ்சம் மெதுவாக வரும். அந்த மெதுவுக்குப் பயந்து நம் பாட்டிகள் கையில் ஆங்கில பில்லைத் திணிக்கிறோம். துவரம் பருப்பு என்று படித்து, விலை சரியா என்று பார்த்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. இரண்டு நொடி போனால் போகட்டும்.

இத்தனை கருவிகளில் சின்னக் கடைகள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது ஒன்றுதான்: “...ரூபாய் பெறப்பட்டது” என்று சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி. 2016-இல் யு.பி.ஐ. வந்தது, 2020 ஜனவரியிலிருந்து அதில் வியாபாரியிடம் கட்டணமும் பிடிப்பதில்லை. கை நிறைய எண்ணெயும் மாவுமாக நிற்பவர் போனை எடுத்துப் பார்க்க வேண்டாம், காதால் கேட்டால் போதும். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுவதும் அடங்கியது. இந்தப் பெட்டி கடைக்காரரிடம் எந்த வேலையும் கேட்கவில்லை. எதையும் ஏற்ற வேண்டாம், எதையும் பதிய வேண்டாம். அது நிலைத்ததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் அதே பெட்டி ஒரு பக்கக் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டே போகிறது. அதன் விளைவு 2025 ஜூலையில் கர்நாடகத்தில் தெரிந்தது. யு.பி.ஐ. வழியாக வந்த பணத்தை வைத்து, ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் என்ற ஜி.எஸ்.டி. பதிவு வரம்பைத் தாண்டியவர்கள் என்று சிறு வியாபாரிகளுக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி விற்பவருக்கும் பால் விற்பவருக்கும்கூட வந்தது. வரியே இல்லாத சரக்கை மட்டும் விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதே இல்லை. ஆனால் வங்கியில் விழுந்த தொகையைப் பார்த்தால் அது காய்க்கு வந்ததா, சோப்புக்கு வந்ததா, மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்றா என்று தெரியாது. பெங்களூரில் கடைகள் முன்னால் ‘யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியது. போராட்டத்துக்குப் பிறகு பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்று முதலமைச்சர் சித்தராமையா சொன்னார். வந்த பணத்துக்கு அடுத்தவர் வைத்திருக்கும் கணக்கு இருந்தது. என்ன விற்றோம் என்று காட்டத் தம்முடைய கணக்கு அந்த வியாபாரிகளிடம் இல்லை. என்னைப் பொறுத்தவரை பில்லிங் மெஷினுக்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. வரி விகிதங்கள் மாறின. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. நெய் 12-லிருந்து 5-க்கு. துணி துவைக்கும் பவுடர் 18-லேயே நின்றது. பாக்கெட்டில் பழைய எம்.ஆர்.பி., விற்க வேண்டியது புது விலை. கொள்முதலை ஒழுங்காக ஏற்றி வைத்திருந்த கடைகளில் பொருள்வாரியாக வரியை மாற்றினால் முடிந்தது. ஏற்றாதவர்கள் அலமாரி அலமாரியாக நின்று மாற்ற வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வரை விற்பவர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் நிலை இன்னும் கடினம். வாங்கும்போது கட்டிய வரியை அவர் கழித்துக்கொள்ள முடியாது. 18 சதவீதம் கொடுத்து வாங்கிய சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ள வேண்டும். அந்த வித்தியாசத்தை ஏஜென்சியிடம் கேட்கப் போனாலும், அன்று காலையில் கையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று காட்டியாக வேண்டும்.

ஆக, எங்கே சுற்றினாலும் கொள்முதல் பதிவில்தான் வந்து நிற்கிறோம். இதில் எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. ஏஜென்சி கொடுக்கும் பில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டரில் அடித்ததுதான். பார்கோடு எண், எம்.ஆர்.பி., வரி, ஸ்கீம் எல்லாம் அங்கே இருக்கிறது. அதைக் காகிதத்தில் அச்சடித்து வண்டியில் அனுப்புகிறார்கள். கடைக்காரர் திரும்பவும் வரி வரியாகத் தட்டுகிறார். ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் போட வேண்டும். அந்த பில்லில் ஒரு க்யூஆர் கோடும் இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் விற்பவர், வாங்குபவர், பில் எண், தேதி, மொத்தத் தொகை, பில்லில் எத்தனை உருப்படி என்பது வரும். ஒவ்வொரு உருப்படியும் என்ன என்பது வராது. அரசுக்கு வேண்டிய விவரத்தோடு அது நின்றுவிடுகிறது.

சரக்கு விவரம் முழுவதையும் ஒரு கோப்பாகக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்புவது தொழில்நுட்ப ரீதியில் பெரிய வேலையே இல்லை. பெரிய சங்கிலிக் கடைகளுக்குக் கம்பெனிகள் நெடுங்காலமாக இப்படித்தான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அனுப்புகின்றன. சின்னக் கடைக்கு அனுப்பாததற்குக் காரணம், அது வேண்டும் என்று யாரும் அழுத்திக் கேட்காததுதான். ஒரு கடை தனியாகக் கேட்டால் ஏஜென்சியிலிருந்து ஆர்டர் எடுக்க வரும் லைன்மேன் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார். சந்தையில் உள்ள கடைகளெல்லாம் சேர்ந்து, வணிகர் சங்கத்தின் வழியாக, எல்லா மென்பொருளும் படிக்கக்கூடிய ஒரே வடிவத்தில் பில் கோப்பு தந்தால்தான் ஆர்டர் என்று சொன்னால் ஏஜென்சிகள் கேட்டுத்தான் ஆக வேண்டும். மே 5 வணிகர் தின மாநாட்டுத் தீர்மானங்களில் இந்த ஒரு வரியையும் சேர்க்கலாம்.